சுழலும் நீரும் பிரியும் மணலும்

கலங்கிய ஏரித் தண்ணீரைக் குடத்தில் முகந்து வந்ததும், குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுச் சற்று நேரம் ஆட்டாமல் வைப்பது நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்து வந்த வழக்கமாகும். சிறிது நேரத்தில் சேறு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அக்கொட்டையில் உள்ள பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து சிறு திரள்களாக்குகிறது. திரண்டவை விரைந்து இறங்குகின்றன. சேர்ந்தால் ஏன் விரைவாக இறங்க வேண்டும்? இதற்கு விடை, நாம் முதலாண்டில் பந்துகளை விளக்கெண்ணெயில் விட்டு நேரம் குறித்துச் சோதித்த ஸ்டோக்ஸ் விதியில் இருக்கிறது.

திரவத்தில் இறங்கும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம், அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டிற்கும், புவியீர்ப்பு முடுக்கத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். திரவத்தின் பாகியல் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இவ்விதியில் மணலின் அடர்த்தியான 2.65 என்ற எண்ணை இட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். 100 மைக்ரான் விட்டமுள்ள மணல் துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ளது, விநாடிக்கு ஏறத்தாழ 9 மி.மீ. இறங்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் அது அடியைத் தொட இரண்டு நிமிடம் போதும். 10 மைக்ரான் துகளுக்கு அதே தொட்டியில் 3 மணி நேரம் வேண்டும். ஒரு மைக்ரான் துகளுக்கு 13 நாட்கள் ஆகும்! விட்டம் பத்தில் ஒன்றானால் காலம் நூறு மடங்காகிறது.

வீட்டுக் குடம் பொறுத்திருக்கும். தொழிற்சாலை பொறுத்திருக்காது. நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருக்கும் கூழை மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் ஊரளவு தொட்டிகள் கட்ட வேண்டும். எனவே ஸ்டோக்ஸ் விதியில் உள்ள ஏதேனும் ஓர் எண்ணை நமக்குச் சாதகமாக மாற்றியாக வேண்டும். துகளின் விட்டத்தைப் பெரிதாக்குவது தேற்றாங்கொட்டையின் வழி. படிகாரம் இடுவதும் அதே வழிதான். மற்றொரு வழி, 9.8 என்று நாம் தனி ஊசல் கொண்டு அளந்து எழுதும் புவியீர்ப்பு முடுக்கத்தின் இடத்தில் வேறொரு பெரிய எண்ணை வைப்பது. புவியை மாற்ற முடியாது. ஆனால் சுழற்ற முடியும். ஆரம் r உள்ள வட்டத்தில் v வேகத்தில் செல்லும் பொருளுக்கு முடுக்கம் v²/r அல்லவா?

இதை முதலில் பயன்படுத்தியவர்கள் பாத்திரத்தையே சுழற்றினார்கள். சுவீடன் நாட்டின் குஸ்டாப் டி லாவால் 1878ஆம் ஆண்டு செய்த பாலாடை பிரிக்கும் பொறி அத்தகையது. ஆனால் சுழலும் பாத்திரத்துக்குத் தாங்கி வேண்டும், எண்ணெய் வேண்டும், விலையும் மிகுதி. மணலும் கல்தூளும் கலந்த கூழை அதில் விட்டால் பொறி விரைவில் தேய்ந்துபோகும். பாத்திரத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, உள்ளே வரும் நீரையே சுழல வைத்தால் என்ன? அந்த எண்ணத்தில் பிறந்ததே ஹைட்ரோசைக்ளோன் எனும் கருவி. இக்கட்டுரையில் அதனை நீர்ச்சுழலி என்றே அழைக்கிறேன்.

அமைப்பு

ஒரு பெரிய புனலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்பகுதி குட்டையான உருளை. கீழ்ப்பகுதி நீண்டு ஒடுங்கும் கூம்பு. உருளையின் பக்கச் சுவரில், சுவரைத் தொட்டுச் செல்லும் கோடாக ஒரு குழாய் நுழைகிறது. ஆகவே பம்பு தள்ளும் நீர் மையத்தை நோக்கிப் பாயாமல் சுவரை ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்கிறது. மேல் மூடியின் நடுவே ஒரு குழாய் சிறிது தூரம் உள்ளே இறங்கி நிற்கிறது. இதை நடுக்குழாய் என்போம். இதன் வழியாக வெளியேறுவது மேற்போக்கு. கூம்பின் நுனியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதன் வழியாக வெளியேறுவது அடிப்போக்கு. அவ்வளவுதான் கருவி. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. சல்லடை இல்லை, துணி இல்லை. ஆகவே அடைத்துக்கொள்ளும் வலைக்கண்ணும் இல்லை.

உள்ளே நுழைந்த நீர் சுவரை ஒட்டித் திருகாணிபோல் கீழே இறங்குகிறது. நுனித் துவாரம் சிறியதாகையால் எல்லா நீரும் அதன் வழியே போக முடியாது. எனவே பெரும்பகுதி நீர் உட்பக்கம் திரும்பி, அதே திசையில் சுழன்றபடியே மையத்தை ஒட்டி மேலேறி, நடுக்குழாய் வழியாக வெளியேறுகிறது. வெளியே இறங்கும் ஒரு சுழல், அதற்குள்ளே ஏறும் மற்றொரு சுழல். இரண்டுக்கும் இடையில், நீர் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் இருக்கும் ஓர் எல்லைப் பரப்பு உண்டு. போக்குகள் காற்றுவெளியில் திறந்திருந்தால் நட்ட நடுவில் மெல்லிய காற்றுத் தூண் ஒன்றும் மேலிருந்து கீழ் வரை நிற்கும். குளியலறைத் தொட்டியின் நீர் வடியும்போது நடுவில் தோன்றும் காற்றுக் குழியைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இப்போது எண்களைப் பார்ப்போம். 5 செ.மீ. ஆரத்தில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நீர் சுற்றினால் முடுக்கம் 500 ஆகிறது. அதாவது புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு. 5 மி.மீ. ஆரமே உள்ள சின்னஞ்சிறு சுழலியில் விநாடிக்கு 10 மீட்டர் வேகம் இருந்தால் 2,000 மடங்கு! மூன்று மணி நேரம் காத்திருந்த துகள் இப்போது விநாடிக் கணக்கில் சுவரை அடைந்துவிடும்.

மேலும் ஒரு சிறப்பு. நீர் உட்பக்கம் நகரும்போது ஆரம் குறைகிறது. கோண உந்தம் அழிவின்மை விதிப்படி வேகம் கூட வேண்டும். கைகளை மடக்கிக்கொண்டதும் விரைந்து சுழலும் நடனக்காரரை நம் பாடநூல் காட்டுகிறதே, அதுதான். உராய்வு இல்லையெனில் வேகம் ஆரத்துக்கு நேர் எதிர்விகிதத்தில் இருக்கும். உண்மையில் உராய்வும் கொந்தளிப்பும் இருப்பதால், வேகம் ஆரத்தின் 0.5 முதல் 0.9 வரையிலான அடுக்குக்கே எதிர்விகிதத்தில் மாறுகிறது. 1952ஆம் ஆண்டு கெல்சால் என்னும் ஆய்வாளர் ஒளிபுகும் பெர்ஸ்பெக்ஸ் சுழலி ஒன்றைச் செய்து, நீரில் நுண்ணிய அலுமினியத் துகள்களை விட்டு, நுண்ணோக்கி வழியாக அவற்றின் வேகத்தை அளந்து இதை நிறுவினார். வெர்னியர் நகரும் நுண்ணோக்கியில் ஒரு புழைக்குழாயின் விட்டத்தை எடுக்கவே தடுமாறும் எனக்கு, பாய்ந்து சுழலும் துகளை நுண்ணோக்கியில் பிடித்தவரை எண்ணும்போது பெருமூச்சுத்தான் வருகிறது.

இவ்விடத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "டம்ளரில் தேயிலைத் தூளோடு நீரைக் கலக்கினால், தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் அல்லவா குவிகிறது? உன் மையவிலக்கு விசை எங்கே போயிற்று?" என்றார். நல்ல கேள்வி. இதே கேள்விக்கு 1926இல் ஐன்ஸ்டீன், ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்றில் விடை கூறியிருக்கிறார். டம்ளரின் அடிப்பரப்பை ஒட்டிய நீர் உராய்வால் வேகம் குறைந்திருக்கிறது. அங்கே வெளிநோக்கிய தள்ளல் குறைவு. ஆனால் ஓரத்தில் மிகுந்துள்ள அழுத்தம் குறையவில்லை. ஆகவே அடியிலுள்ள நீர் மையத்தை நோக்கி ஊர்கிறது. அடியில் கிடக்கும் தூளையும் இழுத்துச் செல்கிறது. நீர்ச்சுழலியிலும் கூம்புச் சுவரை ஒட்டி இப்படியொரு மெல்லிய ஓட்டம் நுனியை நோக்கிச் செல்கிறது. சுவரை அடைந்த மணலை நுனித் துவாரத்துக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் இந்த ஓட்டமே; புவியீர்ப்பு அன்று. ஆகவேதான் நீர்ச்சுழலியைப் படுக்க வைத்தாலும் அது வேலை செய்கிறது. டம்ளரில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஓட்டம் இங்கே எனக்குத் துணை நிற்கிறது.

எது மேலே, எது கீழே?

சல்லடைக்கு ஒரு கண் அளவு உண்டு. அதைவிடப் பெரியது நிற்கும், சிறியது போகும். நீர்ச்சுழலிக்கு அப்படி எதுவும் இல்லை என்றேன். பின் எவ்வாறு பிரிக்கிறது?

ஒவ்வொரு துகளும் இரண்டு இழுப்புகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கிறது. சுழற்சி அதைச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறது. மேற்போக்கை நோக்கி உட்பக்கம் நகரும் நீர் அதை மையத்துக்கு இழுக்கிறது. பெரிய துகளில் முதலாவது வெல்லும். அது சுவரை அடைந்து அடிப்போக்கில் போகும். நுண்ணிய துகளில் இரண்டாவது வெல்லும். அது மேற்போக்கில் போகும். இரண்டும் சமமாக இருக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவுள்ள துகள்கள் நுழைந்தால் பாதி மேலேயும் பாதி கீழேயும் போகின்றன. இதையே வெட்டு விட்டம் என்று பொறியாளர்கள் கூறுகிறார்கள்.

இது கத்தியால் வெட்டியது போன்ற எல்லை அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே கொந்தளிப்பு மிகுதி. வெட்டு விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய துகள் சில மேலே தப்பிவிடும்; சற்றுச் சிறியவை சில கீழே சிக்கும். மேலும், அடிப்போக்கில் செல்லும் நீர் வெறுங்கையோடு போவதில்லை. உள்ளே வந்த நீரில் பத்தில் ஒரு பங்கு அடிப்போக்கில் சென்றால், மிக நுண்ணிய துகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதோடு சென்றுவிடும். ஆக நீர்ச்சுழலி சொல்வது "ஆம், இல்லை" என்ற விடையன்று. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிகழ்தகவு. வகுப்பில் நாம் வரையும் வரைபடம் போல் குறுக்கே துகள் விட்டத்தையும் நெடுக்கே அடிப்போக்கில் செல்லும் விழுக்காட்டையும் குறித்தால், S எழுத்தைப் போன்ற வளைவு கிடைக்கும்.

வெட்டு விட்டம் எவற்றைப் பொறுத்தது என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். சுழலியின் விட்டம் D, பாயும் நீரின் அளவு விநாடிக்கு Q என்க. நீரின் வேகம் Q/D² என்பதற்கு ஏற்ப இருக்கும். உட்பக்கம் நகரும் வேகமும் அப்படியே. துகளின் வெளிநோக்கிய வேகம், அதன் விட்டத்தின் இருமடியையும் v²/D என்பதையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப அமையும். இரண்டையும் சமப்படுத்தினால், வெட்டு விட்டத்தின் இருமடி D³/Q என்பதற்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வருகிறது. பாகியல் எண் கூடினால் அதுவும் கூடும். அடர்த்தி வேறுபாடு கூடினால் குறையும். இதற்கு நாம் கொடுக்கும் விலை அழுத்த இழப்பு. அது Q²/D⁴ என்பதற்கு ஏற்ப உயர்கிறது.

இந்த இரண்டு வரிகளில் எத்தனை செய்திகள் அடங்கியிருக்கின்றன பாருங்கள். ஒரே சுழலியில் வெட்டு விட்டத்தைப் பாதியாக்க வேண்டுமானால் நீரின் அளவை 4 மடங்கும், அழுத்தத்தை 16 மடங்கும் உயர்த்த வேண்டும். இது கட்டாது. சுழலியைச் சிறிதாக்குவதே எளிய வழி. நுண்ணிய துகள் வேண்டுமென்றால் சிறிய சுழலி. மிகுந்த நீர் வேண்டுமென்றால் அச்சிறிய சுழலிகள் பல பக்கம் பக்கமாக. பெரிய ஒன்று, சிறிய பலவற்றின் வேலையைச் செய்யாது. 10 மி.மீ. விட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேற்பட்ட விட்டம் வரை சுழலிகள் செய்யப்படுவதற்குக் காரணம் இதுவே.

நிலக்கரியிலிருந்து எண்ணெய் வரை

1891ஆம் ஆண்டே அமெரிக்காவில் பிரெட்னி என்பவர் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அது தொழிற்சாலைகளுக்குள் பெருமளவில் நுழைய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1930களின் இறுதியில் நெதர்லாந்து நாட்டின் லிம்பர்க் பகுதியில் இருந்த அரசு நிலக்கரிச் சுரங்கங்களில் டிரீசன் என்னும் பொறியாளர் நிலக்கரி கழுவும் வேலையில் இதைப் பயன்படுத்தினார். நிலக்கரி கல்லைவிட இலேசானது. அதன் அடர்த்தி 1.3 அல்லது 1.4. உடன் வரும் கற்களின் அடர்த்தி 2க்கு மேல். இடைப்பட்ட அடர்த்தியுள்ள ஒரு திரவம் கிடைத்தால் கரி மிதக்கும், கல் மூழ்கும். அத்தகைய கனத்த திரவத்தை அங்கே லோயஸ் என்னும் மென்மண்ணை நீரில் கரைத்து உண்டாக்கினார்கள். அந்த மண்கரைசலைக் கெட்டியாக்கவே முதலில் சுழலி வந்தது. பின்னர் கரியையும் கனத்த கரைசலையும் சேர்த்துச் சுழலிக்குள்ளேயே அனுப்பும் முறை வளர்ந்தது. மண்ணுக்குப் பதில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுப் பொடி வந்தது. வேலை முடிந்ததும் காந்த உருளையால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். லிம்பர்க் சுரங்கங்கள் 1974ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டன. அங்கே பிறந்த முறையோ, சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரியைக் கழுவும் ஜாரியா வட்டாரம் உள்ளிட்ட பல இடங்களில் வழங்குகிறது.

இக்கருவிக்கு மிகுதியான வேலை கொடுப்பவை தாது அரைக்கும் ஆலைகள். உருளும் பெரிய பீப்பாய்க்குள் இரும்புக் குண்டுகளோடு தாதுவை நீர்விட்டு அரைக்கிறார்கள். அரைபட்ட கூழ் நீர்ச்சுழலிக்குச் செல்கிறது. போதிய அளவு நுண்மையானது மேற்போக்கில் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. பருமனானது அடிப்போக்கில் மீண்டும் ஆலைக்கே திரும்புகிறது. புதிதாக வரும் தாதுவைப் போல் இரண்டு மூன்று மடங்கு இப்படித் திரும்பித் திரும்பி வருவது வழக்கம். நம் வீட்டில் மாவை அரைத்துச் சலித்துக் கப்பியை மீண்டும் உரலில் இடுவது போலத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். நீர்ச்சுழலி அளவை மட்டும் பார்ப்பதில்லை, கனத்தையும் பார்க்கிறது. ஈயத் தாதுவான கலீனாவின் அடர்த்தி 7.5. உடன் இருக்கும் வெண்கல்லின் அடர்த்தி 2.65. நீரின் அடர்த்தியான 1ஐக் கழித்து, விகிதம் கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 2 வருகிறது. அதாவது 100 மைக்ரான் வெண்கல் துகளும் 50 மைக்ரான் கலீனாத் துகளும் சுழலியின் கண்ணுக்கு ஒன்றே! போதுமான அளவு அரைபட்ட கலீனா, கனமாக இருக்கும் ஒரே குற்றத்துக்காக மீண்டும் ஆலைக்கு அனுப்பப்பட்டு, தேவைக்கு மேல் அரைபட்டுச் சேறாகிறது. அடர்த்தி 19.3 உள்ள தங்கத்துக்கு இந்த நிலை இன்னும் கடுமை. அது சுற்றிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே பல தங்க ஆலைகளில் அடிப்போக்கின் பாதையிலேயே தங்கத்தைப் பிடிக்கும் வேறு கருவியை வைத்துவிடுகிறார்கள். குறையையே வசதியாக்கிக்கொண்ட இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வாலைகளில் அனுபவமுள்ள தொழிலாளி, மானியைப் பார்க்கும் முன் அடிப்போக்கைப் பார்ப்பார். நுனியிலிருந்து கூழ் குடை விரித்தது போல் சிதறி விழுந்தால், காற்றுத் தூண் கீழ் வரை நிற்கிறது, எல்லாம் சரி என்று பொருள். கயிறு போல் முறுக்கிக்கொண்டு கெட்டியாக விழுந்தால், நுனியின் கொள்ளளவுக்கு மேல் பருமணல் வருகிறது, மிச்சம் மேற்போக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நுனித் துவாரம் நாள்தோறும் தேய்ந்து அகலமாவதும் உண்டு. அப்போது குடை அளவுக்கு மீறி விரிந்து நீர் வீணாகக் கீழே போகும். அதனால்தான் அப்பகுதிக்கு ரப்பர் அல்லது பீங்கான் உள்ளுறை போடுகிறார்கள்.

காகித ஆலைகளில் கூழிலுள்ள மணலை நீக்கவும், எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வரும் சேற்றிலிருந்து மணலைப் பிரிக்கவும் இதே கருவிதான். மாவுப்பொருள் ஆலைகள் சற்று நின்று பார்க்கத் தக்கவை. சேலம், நாமக்கல் பகுதியில் குச்சிக்கிழங்கை அரைத்து எடுத்த பாலைத் தொட்டிகளில் பல மணி நேரம் நிறுத்தி மாவைப் படிய வைப்பது பழைய முறை. 20 மைக்ரான் மாவுத் துகளுக்கு, அடர்த்தி 1.5 என்று வைத்துக் கணக்கிட்டேன்; ஒரு மீட்டர் இறங்க இரண்டரை மணி நேரம் வருகிறது. அதைவிடச் சிறிய துகள்களும் உள்ளன. அவ்வளவு நேரம் நின்றால் பால் புளிக்கும். மக்காச்சோள மாவு ஆலைகளில் 10 மி.மீ. விட்டமுள்ள சுழலிகள் நூற்றுக்கணக்கில் ஒரே உறைக்குள் அடுக்கப்பட்டு, மாவையும் புரதத்தையும் விநாடிகளில் பிரிக்கின்றன. ஒருமுறை பிரித்தது போதாது என்பதால் ஒன்றின் போக்கை அடுத்ததற்கு ஊட்டிப் பல கட்டங்களாகக் கழுவுகிறார்கள்.

கனமானது ஓரத்துக்குப் போகுமென்றால், இலேசானது நடுவுக்கு வர வேண்டும். இதை வைத்துக் கடல் எண்ணெய்க் கிணறுகளில் நீரோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிரிக்கலாம் என்று இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் தியூ என்பவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். 1980களில் இது கடல் மேடைகளுக்குச் சென்றது. இச்சுழலிகள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். எண்ணெய் மேலே நடுக்குழாய் வழியாகவும், சுத்தமான நீர் கீழேயும் போகும். இங்கே வேகத்தைக் கண்டபடி கூட்டவும் முடியாது. துளிகள் உடைந்து இன்னும் சிறியவையாகிவிடும். மணல் உடைவதில்லை, துளி உடைகிறது.

எங்கள் தோட்டத்துச் சுழலி

இத்தனையும் நான் படித்ததற்குக் காரணம் எங்கள் மஞ்சள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு நீலநிற நீர்ச்சுழலி. சொட்டுநீர்ப் பாசனம் போட்டபோது, தண்ணீரில் மணல் வருகிறது என்று கடைக்காரர் பொருத்திக் கொடுத்தது. பாசனத்துக்கான சுழலியில் அடிப்போக்கு திறந்திருப்பதில்லை. நுனிக்குக் கீழே மூடிய தொட்டி ஒன்று உண்டு. மணல் அதில் சேரும். அவ்வப்போது வால்வைத் திறந்து வெளியேற்ற வேண்டும். "மூணு இஞ்சே போட்டுக்குங்க, பெருசா இருந்தா பின்னாடியும் உதவும்" என்று அவர் கூறியதை நம்பி என் தந்தை பெரியதாகவே வாங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் டிரிப்பர்கள் அடைத்துக்கொள்ளத் தொடங்கின. அடுத்திருக்கும் வலை வடிகட்டியை நாளுக்கு மூன்று முறை கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. அந்த வேலை என் தாயாருடையது. கடைக்காரர் வந்து, சுழலிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு அழுத்த மானிகளைப் பார்த்தார். இரண்டு முட்களும் ஒரே இடத்தில் நின்றன. "பிரஷர் ஒண்ணுமே கொறையல, பில்டரு நல்லாத்தான் இருக்குது" என்று கூறிச் சென்றுவிட்டார். என் தந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது எனக்கும் புரியவில்லை.

பின்னர்தான் விளங்கிற்று. வலை வடிகட்டியில் இரு மானிகளும் ஒத்திருந்தால் வலை சுத்தமாக இருக்கிறது என்று பொருள். நீர்ச்சுழலியில் இரண்டும் ஒத்திருந்தால் உள்ளே நீர் சுழலவே இல்லை என்று பொருள்! அழுத்த இழப்புத்தான் சுழற்சியாக மாறுகிறது. இழப்பு இல்லையென்றால் அது வெறும் அகன்ற குழாய்.

விடுமுறையில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து நீரை அளந்தேன். நிரம்ப 100 விநாடிகள் ஆயின. விநாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7.2 கனமீட்டர். கிணறு போட்ட புதிதில் இதே பீப்பாய் 40 விநாடியில் நிரம்பும் என்று என் தந்தை கூறினார். நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. சுழலியின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் மணிக்கு 25 கனமீட்டர், இழப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோ, 75 மைக்ரான் வரை பிரிக்கும் என்று எழுதியிருந்தது. நீர் 25லிருந்து 7.2 ஆனதால் மூன்றரை மடங்கு குறைவு. அழுத்த இழப்பு அதன் இருமடியாக, ஏறத்தாழ 12 மடங்கு குறைந்து 0.04 ஆகிறது. அதை அந்த மானி காட்டவே காட்டாது. பிரியும் துகளின் அளவு, மூன்றரையின் வர்க்கமூலமாகிய 1.9 மடங்கு உயர்ந்து 140 மைக்ரான் ஆகிறது. 75க்கும் 140க்கும் இடைப்பட்ட மணலில் பெரும்பகுதி அப்படியே போய்க்கொண்டிருந்தது. கிணறு புதிதாக இருந்தபோதே அந்தச் சுழலி அதன் தகுதிக்குக் குறைந்த நீரில்தான் ஓடியிருக்கிறது.

மணிக்கு 8 கனமீட்டருக்கான சிறிய சுழலி இருந்தால், அதே அழுத்த இழப்பில் விட்டம் முன்னதில் 0.57 பங்கு இருக்க வேண்டும். வெட்டு அளவு அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைந்து 60 மைக்ரானுக்குக் கீழே வரும். விலையும் குறைவு. இதை என் தந்தையிடம் கூறியபோது, "தண்ணி கொறைஞ்சா சாமானும் சின்னதா வேணுமா கண்ணு? அதெப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாய்க்கால் நீரை மேற்கோளாகக் காட்டினேன். அகன்ற வாய்க்காலில் கொஞ்சம் நீர் விட்டால் அசைவில்லாமல் கிடக்கும், குறுகிய வாய்க்காலில் அதே நீர் பாயும். அதற்குப் பிறகு அவர் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். ஆனால் 0.4 கிலோ அழுத்தம் இழப்பதென்றால் பம்பு நீரை 4 மீட்டர் கூடுதலாக ஏற்றுவதற்குச் சமம். ஏற்கெனவே நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் அதுவும் ஒரு சுமைதான் என்பதையும் மறைக்காமல் கூறினேன். சற்று யோசித்து, மாற்றலாம் என்றார்.

இப்போது பழைய நீலச் சுழலியை விற்றுவிட்டுச் சிறியதைப் பொருத்தியிருக்கிறோம். மானிகளில் 0.4 கிலோ வேறுபாடு தெரிகிறது. அடித்தொட்டியை நாளுக்கொரு முறை திறந்தால் ஒரு படிக்குக் குறையாமல் மணல் வருகிறது. வலை வடிகட்டியை என் தாயார் மூன்று நாட்களுக்கு ஒருமுறைதான் கழுவுகிறார். செம்மண் கலங்கல் மட்டும் முன்போலவே போகிறது. 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான அத்துகள்களை இந்த அளவுச் சுழலி தொடாது. டிரிப்பரை அவை அடைப்பதில்லை. ஆனால் நீர் மெதுவாகச் செல்லும் குழாய்க் கடைசியில் மெல்லப் படிகின்றன. ஆகவே பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை லேட்டரல் குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்து, சிவந்த நீர் தெளியும் வரை ஓடவிட்டு, மீண்டும் மூடுகிறோம்.